சுபோதினி தயாரித்த வினாத்தாள்

எங்கள் தொடர்மாடியில் எனக்குக் கீழ்வீட்டில் இருக்கும் சுபோதினி, எந்தக் காரியத்தையும் மூன்று பேரிடம் விசாரிக்காமல் செய்யமாட்டாள். வெள்ளவத்தையில் காலி வீதியிலுள்ள ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினான்கு வருடமாக வேலை. கண்ணாடி பிரேம் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு "வடிவா இருக்கு" என்று எழும்புகிறவர்களை அவள் லேசில் விடுவதில்லை. குனியச் சொல்லுவாள், தலையை ஆட்டச் சொல்லுவாள், வாசற்படியில் ஏறி இறங்கிக் காட்டச் சொல்லுவாள். மகளுக்கு ஒரு தடுப்பூசி போடுவதற்கே களுபோவிலயில் ஒரு டொக்டர், தெஹிவளையில் ஒரு டொக்டர், கனடாவில் தாதியாக இருக்கும் மச்சாள் என்று மூன்று இடத்தில் கேட்டவள். இவளுடைய பயங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குப் பிரஷர் ஏறியது என்று அவளுடைய முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன்.

அப்படிப்பட்டவளிடம் பதின்மூன்று வயது மகள் யதுஷா ஒரு நாள் வந்து, "அம்மா, வகுப்பில எல்லாரும் அந்த வீடியோ அப் வச்சிருக்கினம். எனக்கும் ஒரு அக்கவுன்ட் திறந்து தாங்கோ" என்று கேட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து சுபோதினிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விசாரணை தொடங்கியது. கூட வேலை செய்யும் ரபீக்காவிடம் கேட்டாள். "எங்கட மகனுக்குப் பதினஞ்சு வயசுலதான் குடுத்த. அதும் வாப்பாட போன்ல மட்டும்" என்றாள் ரபீக்கா. கண் பரிசோதிக்க வந்த ஆசிரியை ஒருவர், பதினெட்டு வரைக்கும் வேண்டவே வேண்டாம் என்றாராம். ஒருகொடவத்தையில் கொள்கலன் யார்ட்டில் வேலை செய்யும் கணவன் கஜீவனைக் கேட்டால், "பதின்மூண்டு வயசு காணுமெண்டு அவங்களே போட்டிருக்கிறாங்கள். ஒளிச்சுச் செய்யிறதுக்கு முதல் குடுத்துவிடும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். மூன்று பேர், மூன்று பதில். சுபோதினி என்னிடம் ஓடி வந்தாள்.

"வயசில என்ன இருக்கு?" என்றேன் நான். "பிள்ளைக்கு விளக்கம் இருக்கோ எண்டுதான் பார்க்க வேணும்." பேச்சுக்குச் சொன்னதுதான். அதை அவள் இவ்வளவு பாரதூரமாக எடுத்துக்கொள்வாள் என்று நான் நினைக்கவில்லை.

இதற்கிடையில் யதுஷாவின் போக்கும் மாறியிருந்தது. பாமன்கடையில் சனிக்கிழமை டியூஷன். சனிக்கிழமை விடிந்தால் வயிற்றுவலி. மூன்று கிழமை தொடர்ந்து போகவில்லை. ஒரு பின்னேரம் தகப்பனின் போனைக் கையில் வைத்துக்கொண்டு குளியலறைக்குள் அரை மணித்தியாலம் இருந்துவிட்டு, சிவந்த கண்ணோடு வெளியே வந்தாள். சுபோதினி போனை வாங்கிப் பார்த்தாள். தேடியதெல்லாம் அந்தச் செயலியைப் பற்றித்தான். மேலே என் வீட்டுக்கு வந்து கதிரையில் இருக்கவும் மாட்டாமல் நின்றாள்.

"அக்கா, ஆரோ பொடியன் இருக்கிறான். என்ரை பிள்ளையை ஆரோ கூப்பிடுறாங்கள், அக்கா."

சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். ஆனால் அவளுடைய பயம் என்னையும் தொற்றிக்கொண்டது. யதுஷா தவழ்ந்த காலத்திலிருந்து என் கண் முன்னால் வளர்ந்த பிள்ளை.

மகளை நேரே கேட்டிருக்கலாம். ஆனால் சுபோதினி படித்து வளர்ந்த விதம் அப்படியில்லை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் தொடக்கம் எல்லாவற்றையும் பரீட்சை எழுதித்தான் தாண்டியிருக்கிறாள். ஒரு பிள்ளைக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை அறிய அவளுக்கு வேறு வழி தெரியாது. அதனால் ஒரு வினாத்தாள் தயாரித்தாள்! கடைக் கம்பியூட்டரில் அடித்து, பிரின்ட் எடுத்து, என்னிடம் பிழை திருத்தவும் தந்தாள். "நேரம்: ஒரு மணித்தியாலம். எல்லா வினாக்களுக்கும் விடை தருக." இருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து புள்ளி, எழுபத்தைந்து எடுத்தால் சித்தி, குறைந்தால் அக்கவுன்ட் இல்லை. 'முன்பின் தெரியாத ஒருவர் உமது பாடசாலையின் பெயரைக் கேட்டால் என்ன செய்வீர்?' என்பது முதலாம் வினா. 'ஒருமுறை வெளியிட்ட வீடியோவை முற்றாக அழிக்க முடியுமா? விளக்குக' என்பது பன்னிரண்டாவது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சோதனை. விறாந்தைச் சுவரில், போன வருடம் யதுஷா பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியச் சடங்கில் எடுத்த ஆளுயரப் படம் மாட்டியிருக்கிறது. பல்லக்கில் இருந்து பிள்ளை இறங்குகிற படம். அதற்குக் கீழே சாப்பாட்டு மேசை. அந்த மேசையில் இருந்து யதுஷா எழுதினாள். மேற்பார்வைக்கு நான். கஜீவன் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்கள் ரெண்டு பேருக்கும் விசரே?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

எழுதி முடித்த தாளை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு யதுஷா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சுபோதினி சிவப்புப் பேனையை எடுத்தாள். ஒவ்வொரு விடைக்கும் அவளுடைய முகம் தெளிந்தது. பன்னிரண்டாவதை எனக்கு வாசித்துக் காட்டினாள்: "முடியாது. போட்டவர் அழித்தாலும் வேறு ஆக்கள் எடுத்து வைத்திருப்பார்கள். அவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது."

"பார்த்தியளே அக்கா, என்ன விளக்கமா எழுதியிருக்கிறாள்!" முழுப் புள்ளி போட்டாள். கூட்டிப் பார்த்தால் எண்பத்தாறு. பெருமூச்சு விட்டுக்கொண்டு தாளைத் திருப்பினாள். பின்பக்கத்திலும் எழுத்து இருந்தது.

"21. உமக்கு இந்தச் செயலி ஏன் வேண்டும்?" என்று பிள்ளை தானே ஒரு வினா எழுதியிருந்தாள். அடைப்புக்குறிக்குள், "இதை அம்மா கேட்கவில்லை" என்றிருந்தது. கீழே விடை.

"என்னுடைய சாமத்திய வீடியோ அதில் இருக்கிறது. றமேஷ் மாமா போட்டதை ஆரோ துண்டு துண்டாக வெட்டிப் போட்டிருக்கிறார்கள். நான் டியூஷனுக்குள் வரும்போது பின் வாங்கில் இருக்கிற பொடியள் அந்த வீடியோ மியூசிக்கை வாயால் போடுகிறார்கள். எடுக்கச் சொல்லி முறைப்பாடு செய்ய அக்கவுன்ட் வேண்டுமாம். நான் ஒன்றும் போடமாட்டேன்."

சுபோதினி அதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள். எனக்கும் அந்தப் படத்தைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

அந்தச் சடங்குக்குக் கல்கிசைக் கடற்கரையில் ட்ரோன் விட்டு எடுத்தார்கள், மண்டபத்தில் புகை விட்டு எடுத்தார்கள். எடுத்தவன் கொட்டாஞ்சேனையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் றமேஷ். "அக்கா, குடும்பத்துக்கு மட்டும் லிங்க் அனுப்பவோ, எல்லாரும் பார்க்கிற மாதிரி விடவோ?" என்று அவன் கேட்டபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். "சுவிஸ்ல பெரியம்மாவுக்கு லிங்க் திறக்குதில்லையாம். எல்லாருக்கும் விடுங்கோ தம்பி" என்றாள் சுபோதினி. தடுப்பூசிக்கு மூன்று பேரிடம் கேட்டவள் அதற்கு ஒருவரிடமும் கேட்கவில்லை. பிள்ளையின் பெயர் முழுதாகப் போட்டு வெளியே போன வீடியோ அது. அதில் மூன்று விநாடி பழத்தட்டோடு நானும் வருகிறேன். நான் வடிவாக இருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் அனுப்பினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சுபோதினி எழும்பிப் போய் அறைக் கதவைத் தட்டினாள். "ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் எல்லாருக்கும் காட்டிக் காட்டிச் சந்தோசப்பட்டனீங்கள்," என்றாள் யதுஷா உள்ளேயிருந்து. "எப்பிடிச் சொல்லுறது?"

அன்றைக்கே றமேஷுக்குப் போன் போனது. "அக்கா, என்ரை பக்கத்தில அதுதான் கூட ஓடினது. நாப்பதாயிரம் பேர் பார்த்திருக்கினம்" என்று இழுத்தான். சுபோதினி கத்தவில்லை, அழுதாள். அவன் நல்ல பொடியன், உடனே எடுத்துவிட்டான். "ஆனா மத்தவன் வெட்டி எடுத்ததுக்கு நான் ஒண்டும் செய்யேலாது அக்கா" என்றான்.

பிறகு தன் பெயரில் கணக்குத் திறந்தவள் சுபோதினிதான். பிறந்த திகதியைக் கேட்ட இடத்தில் ஆண்டைப் பிழையாகப் போட, யதுஷா திருத்திவிட்டாள். தாயும் மகளும் ஒரே கதிரையில் நெருங்கி இருந்து தேடினார்கள். பதினொரு துண்டுகள். கீழே யார் யாரோ எழுதியிருந்தவற்றைச் சுபோதினி கையால் மறைத்தாள். "நான் எல்லாம் வாசிச்சிட்டன் அம்மா" என்றாள் மகள். பாமன்கடை ஆசிரியரிடமும் போய்ப் பேசினாள் சுபோதினி. பின் வாங்கு இப்போது அமைதி.

மூன்று கிழமையில் ஒன்பது துண்டுகள் போயின. மற்ற இரண்டுக்கும், 'எங்கள் விதிகளுக்கு மாறாக எதுவும் காணப்படவில்லை' என்று பதில் வந்தது. சுபோதினி திரும்பத் திரும்ப முறையிடுகிறாள். கடையில் ஆட்கள் இல்லாத நேரங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று எடுத்துப் பார்க்கிறாள். எண் கூடிக்கொண்டுதான் இருக்கிறது. "ஒவ்வொண்டும் ஒரு ஆள், அக்கா. ஆரெண்டு தெரியாத ஆள்" என்கிறாள். அவளுடைய பயத்தை நான் இப்போது பகிடி பண்ணுவதில்லை.

போன கிழமை யதுஷாவுக்குப் பதினான்கு முடிந்தது. கேக் வெட்டும்போது கஜீவனும் நானும் மட்டும்தான். "நீ எண்பத்தாறு எடுத்தனீ," என்றாள் சுபோதினி மகளிடம். "விருப்பமெண்டா உன்ரை பேரிலயும் திறப்பம்."

"பிறகு பார்ப்பம்," என்றாள் யதுஷா.

அந்த நேரம் கனடா மச்சாள் அழைத்தாள். "பிள்ளையின்ரை படம் ஒண்டு அனுப்பும் சுபோ. இஞ்ச எல்லாரும் கேக்கினம்." சுபோதினி போனை உயர்த்தினாள். உயர்த்திய கையை அப்படியே வைத்துக்கொண்டு, "அனுப்பட்டே?" என்று மகளைக் கேட்டாள்.

யதுஷா தாயை நிமிர்ந்து பார்த்தாள். இப்படி ஒரு கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"வேண்டாம் அம்மா."

ஒரு படம்தானே என்று என் வாய் வரை வந்தது; விழுங்கிக்கொண்டேன். சுபோதினி போனைக் கீழே இறக்கி, மேசைக்கு நேராகப் பிடித்தாள். கனடாவுக்குக் கேக்கின் படம் மட்டும் போனது.