அவெலினு நட்ட பலகைகள்

அவெலினு முஹொங்குவை ஊரில் மேய்ப்பன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் அவன் மேய்த்தது ஆடும் இல்லை, மாடும் இல்லை. லுவாண்டோ ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஊரைத் தாண்டிய பள்ளத்தாக்கில் திரியும் பலங்கா மான்களுக்குக் காவல். கிடா கன்னங்கரேல் என்று குதிரை உயரத்துக்கு நிற்கும். கொம்பு பின்பக்கமாக வளைந்து முதுகைத் தொடப் பார்க்கும். உலகத்தில் வேறெங்கும் இந்த மான் கிடையாது என்று சொல்லி, வாலிபத்திலேயே அவனுக்கு ஒரு காக்கிச் சட்டையையும் விசிலையும் கொடுத்து வேலையில் வைத்தார்கள். அங்கோலாவில் சண்டை மூண்டதும் சம்பளம் நின்றது. பிறகு சட்டை கிழிந்தது. விசில் மட்டும் கழுத்தில் கிடந்தது.

சம்பளம் இல்லாத வேலையை ஏன் பார்த்தான் என்று கேட்டால் அவனுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. அந்த ஊரில் பலங்காவை யாரும் கொல்வதில்லை. வெளியாளுக்கு அது நிற்கும் இடத்தைக் கை நீட்டிக் காட்டுவதும் இல்லை. ஒன்று செத்துக் கிடந்தால் ஆள் செத்த மாதிரிதான். அன்று பொழுது சாயும்வரை எந்த வீட்டிலும் மரவள்ளி இடிக்க மாட்டார்கள், உலக்கைச் சத்தமே கேட்காது. இதெல்லாம் அவன் பிறப்பதற்கு முன்பே இருந்த வழக்கம். அவன் செய்ததாக ஏதாவது இருந்தால் அது அந்தப் பலகைகள்தான்.

படைகள் இரண்டு. ஒன்று அரசாங்கத்தினுடையது, இன்னொன்று காட்டுக்குள் இருந்தது. பசி இரண்டுக்கும் ஒன்றுதான். ஆற்றில் நீர்யானையைச் சுட்டுத் தின்றார்கள், சமவெளியில் எருமையைத் தீர்த்தார்கள். எருமை தீர்ந்ததும் பள்ளத்தாக்குப் பக்கம் பார்வை திரும்பியது. அங்கே கரையான் புற்றுமண்ணை நக்குவதற்குப் பலங்காக்கள் கூட்டமாக வந்து நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் நாலு விழும்.

அவெலினு தோட்டாப் பெட்டிகளை உடைத்துப் பலகை எடுத்தான். சிவப்பு மரப்பொடியைப் பனை எண்ணெயில் குழைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மண்டையோடு வரைந்தான். கீழே இரண்டு எலும்பு. பாலத்துப் பக்கம் உண்மையாகவே கண்ணிவெடி புதைத்த இடத்தில் நட்டிருந்ததைப் பார்த்து வரைந்ததுதான். ஆனால் அவனுக்குக் கை வராது. மண்டையோடு பல்வலிக்காரன் மாதிரி இளித்தது. பள்ளத்தாக்குக்குப் போகும் எல்லா வழிகளிலும் அவற்றை நட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தான்.

ஊர் நம்புமா என்று பயம். அதனால் மறுநாள் மனைவி டெல்ஃபினாவின் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனான். உப்புக்கு விற்பதற்காக அவள் வளர்த்த ஆடு. பலகைக்குப் பின்னால் அதைக் கட்டி, வழியில் பொறுக்கி வைத்திருந்த கைக்குண்டின் பின்னைப் பிடுங்கி எறிந்தான். சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. தொடை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"என்னங்க, என் ஆடு எங்க?" என்றாள் டெல்ஃபினா.

"வெடிய மிதிச்சிருச்சு."

"அது எதுக்கு அங்க போச்சு? கட்டித்தானே போட்ருந்தேன்!"

"அறுத்துக்கிட்டுப் போயிருச்சு. ஆட்டுக்குப் படிக்கத் தெரியுமா?"

அவள் அழுதாள். அழுதுகொண்டே சமைத்தாள். அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தாள். தின்றவர்கள் எல்லாரும் நம்பினார்கள்.

படைக்காரர்களும் நம்பினார்கள். அரசாங்கப் படை வந்து யார் புதைத்தது என்று கேட்டால், "அவங்கதான் ஐயா" என்பான். காட்டுப்படை வந்து கேட்டால், "என்னங்கய்யா, நீங்கதானே புதைச்சீங்க? மறந்துட்டீங்களா?" என்பான். அந்தத் தளபதி தாடியைச் சொறிந்துகொண்டு, "ஆமாமா, நம்ம பழைய ஆளுங்க வேலையா இருக்கும்" என்று திரும்பிப் போனான். மான்கள் புற்றுமண்ணை நக்கிக்கொண்டு கிடந்தன.

ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் மான் மட்டும் இல்லை. பஞ்ச மாதங்களில் ஊருக்குச் சோறு போட்டதே அதுதான். தேன், காளான், மரத்தில் உலுக்கி எடுக்கும் புழு, குட்டையில் கெளுத்தி. ஆற்றங்கரை மருத்துவமனைக்குக் குறுக்குவழியும் அது வழியாகத்தான். எல்லாம் பலகைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. ஜனங்கள் காட்டுக்கிழங்கைப் பிடுங்கி, கசப்புப் போக ஊறவைத்துத் தின்றார்கள். அவெலினுவும் தின்றான். ராத்திரியில் திருட்டுத்தனமாகப் போய்த் தேன் எடுத்தான் என்று பிற்பாடு சிலர் பேசினார்கள். எடுக்கவில்லை. எடுத்திருந்தால்கூட ஊர் அவனை மன்னித்திருக்கும்.

டெல்ஃபினாவின் அண்ணன் ஸெஃபெரினு நல்ல நடைக்காரன். அவன் மனைவிக்குக் காய்ச்சல் கண்டபோது மருத்துவமனைக்கு மாத்திரை வாங்கக் கிளம்பினான். குறுக்குவழியில் போயிருந்தால் மதியத்துக்குள் திரும்பியிருப்பான். அவன் தங்கை வீட்டு வாசலில் நின்று, "மச்சான், பள்ளத்தாக்கு ஓரமாப் போனா ஒண்ணும் ஆகாதில்ல?" என்று கேட்டான்.

அவெலினு விசிலை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான். பிறகு, "வேணாம் மச்சான், பாலத்து வழியாவே போ. ரோட்டு மேலயே நட, இறங்காத" என்றான்.

ஸெஃபெரினு ரோட்டு மேலேதான் நடந்தான். எதிரே லாரி வந்தது. யாருடைய லாரியோ, ஆளைப் பிடித்துச் சுமை தூக்க வைக்கிறவர்கள் என்று பயந்து பாலத்தடியில் இறங்கினான். வலது கால் முழங்காலோடு போயிற்று. அவெலினுதான் முதுகில் சுமந்துகொண்டு வந்தான். காய்ச்சல்காரியும் அந்த வாரம் போய்ச் சேர்ந்தாள். கால் ஆறுவதற்கு ஒரு மழைக்காலம் பிடித்தது. மாமரத்துக் கவட்டையில் ஊன்றுகோல் செதுக்கிக் கொடுத்ததும் அவெலினுதான். ஸெஃபெரினு அதைக் கக்கத்தில் வைத்துப் பார்த்து, "நல்லாச் செஞ்சிருக்க மச்சான். நீ இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன்" என்றான். அவெலினு எழுந்து வெளியே போனான்.

சண்டை ஒருநாள் முடிந்தது. சில மாதங்கள் கழித்துக் கண்ணிவெடி எடுக்கிறவர்கள் கூடாரம் போட்டார்கள். அவர்களுக்குத் தலைவன் லியோனெல் என்று ஒருவன், நகரத்து ஆள், நல்ல பையன். மழை பிடிப்பதற்குள் ஓரிடம்தான் முடியும், எதை முதலில் எடுக்கலாம் என்று ஊரைக் கூட்டிக் கேட்டான். பள்ளத்தாக்கு என்று ஊரே ஒரே குரலில் சொன்னது. வயிறு அங்கேதானே இருந்தது.

அவெலினு மட்டும் கூடாரத்துக்குப் போய், "தம்பி, பாலத்த மொதல்ல பாருங்க. அங்கதான் பிள்ளைங்க குளிக்கப் போகுதுங்க" என்றான்.

"அண்ணே, ஊர் கேட்டது பள்ளத்தாக்கு. மேலிடத்துக்குச் சொல்லியாச்சு. பாலம் அடுத்த வருசம்."

"அடுத்த வருசம் நீங்க வருவீங்களா?"

லியோனெல் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தான். "பணம் வந்தா வருவோம்ணே."

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவெலினுவை யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் கருவியை வைத்து வெறும் தரையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, மழையில் ஊறி எல்லாம் செயலிழந்திருக்கும் என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். அவனுக்கு அது தெரியும். ஆனால் அந்த வாரமே பாலத்தடியில் ஒரு பன்றி வெடியை மிதித்தது. பன்றியைத் துரத்திக்கொண்டு போன பிள்ளைகள் கொஞ்சம் பின்னால் இருந்தார்கள், அவ்வளவுதான்.

வேலை தொடங்குகிற அன்று ஊரே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. பட்டை நாடா கட்டி, அதற்கு இந்தப் பக்கம் நிற்கச் சொன்னார்கள். ஊர்த்தலைவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவெலினு நாடாவைத் தூக்கி, குனிந்து உள்ளே போனான்.

"யோவ்! பெரியவரே! நில்லுங்க! அசையாதீங்க!" லியோனெலின் தொண்டை கிழிந்தது.

அவன் நிற்கவில்லை. பல்வலி மண்டையோட்டைத் தாண்டி, ஆடு செத்த இடத்தைத் தாண்டி, புல்லுக்குள் நேராக நடந்தான். டெல்ஃபினா தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள். அவன் வெள்ளைப் புற்று ஒன்றின்மேல் ஏறி உட்கார்ந்தான். எங்கும் எதுவும் வெடிக்கவில்லை. பிறகு அதே தடத்தில் திரும்பி வந்து, பலகையைப் பிடுங்கி லியோனெலின் காலடியில் போட்டான்.

"இங்க ஒண்ணும் கெடையாது. நான் வரைஞ்சதுதான். மானுக்காக. நீங்க பாலத்துக்குப் போங்க."

ஊர்த்தலைவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "ஏலே மேய்ப்பா, நாங்க கெழங்கத் தின்னு வயிறு வீங்கிக் கெடந்தப்போ இது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா ஒருத்தர் ரெண்டு பேர் போவாங்க. அவங்க காலடித் தடத்தப் பாத்துப் படைக்காரன் போவான்."

"மானுக்கு அவ்ளோ யோசிச்சிருக்க" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. "எங்கள எந்தக் கணக்குல வச்ச?"

ஸெஃபெரினு கவட்டையை ஊன்றிக்கொண்டு மெல்ல முன்னால் வந்தான். அவெலினுவின் பாதங்களைப் பார்த்தான். புழுதி படிந்த இரண்டு பாதங்கள்.

"நீ நடந்து போனதப் பாக்க நல்லாருந்துச்சு மச்சான்" என்றான். "ரெண்டு கால்லயும்."

டெல்ஃபினா அன்று சாயந்தரமே அண்ணன் வீட்டுக்குப் போனாள். பானை, பாய், உரல், உலக்கை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று, "ஆடு அறுத்துக்கிட்டுப் போச்சுன்னு சொன்னீங்க. பாவி மக, அத நம்பிக் கயித்த நொந்துக்கிட்டேன்" என்றாள். அண்ணன் காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அவெலினுவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பாலத்தடியில் இருந்த வெடிகளை எல்லாம் எடுத்தார்கள். கூடை கூடையாக வந்தது. பிள்ளைகள் இறங்கிக் குளித்தார்கள். யாரால் ஆயிற்று என்று ஒருவரும் பேசவில்லை. ஊர் பள்ளத்தாக்குக்குள் போய்த் தேனும் புழுவும் எடுத்துக்கொண்டது. ஆனாலும் பலங்காவை யாரும் தொடவில்லை. அதைச் சொல்ல வேண்டும். அவன்மேல்தான் கோபம், மானின் மேல் இல்லை. அவன் எதிரே வந்தால் பேச்சை நிறுத்துவார்கள், அவன் போனதும் தொடர்வார்கள். அவனும் கிழங்கைச் சுட்டுத் தின்றுகொண்டு, தினமும் புற்றுப் பக்கம் போய் மான்களைப் பார்த்துவிட்டு வந்தான்.

பாலம் சரியானதால் வண்டி வந்தது. அடுத்த வறட்சிக் காலத்தில் இரண்டு பெரிய கார்கள், தலைநகரத்தில் இருந்து. உள்ளே கூலிங்கிளாஸ் போட்ட ஆட்கள். யார் பெரிய ஆள், யார் அடியாள் என்றெல்லாம் ஊருக்குத் தெரியாது. காலையில் பள்ளத்தாக்குக்குள் போனார்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டது. பிற்பகலுக்குள் திரும்பிப் போய்விட்டார்கள்.

அவெலினு போனபோது பெரிய கிடா புற்றடியில் கிடந்தது. தலை இல்லை. கொம்போடு சேர்த்துக் கழுத்தை அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். கறியை ஒரு துண்டுகூட எடுக்கவில்லை. கறி தேவைப்படாதவர்கள். அவன் பழைய பலகைகளைத் தேடிப் பொறுக்கி வந்து, கழுதைப்புலி இழுக்காதபடி மேலே போட்டு, கல்லைத் தூக்கி வைத்தான். மண்டையோடுகள் வானத்தைப் பார்த்து இளித்தன.

திரும்பி வரும்போது பாலத்துச் சுவரில் ஸெஃபெரினு உட்கார்ந்திருந்தான். அவெலினு ஒதுங்கிப் போகப் பார்த்தான்.

"மச்சான், வழி காட்டுனது நான்தான்" என்றான் ஸெஃபெரினு. "கையால காட்டல. கட்டையால காட்டுனேன். நீ செதுக்கிக் குடுத்த கட்ட."

அவெலினு நின்றான்.

"ஒரு மூட்டை உப்பு குடுத்தாங்க. டெல்ஃபினாகிட்ட குடுத்துட்டேன். அவ ஆட்டுக்கு."

அவெலினுவுக்கு அவனை அடிக்கக் கை எழவில்லை. "ஊருக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டான்.

"என்னது, நான் காட்டுனதா?"

"கிடா செத்தது."

"துப்பாக்கிச் சத்தம் காதுல விழாமலா இருக்கும்?"

அவெலினு வீட்டுக்கு வந்து வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. முதலில் ஊர்த்தலைவர் வீட்டுப் பக்கம் ஓர் உலக்கை விழுந்தது. தெரியாமல் இடிக்கிறார்கள் என்று நினைத்தான். அதற்குப் பக்கத்து வீட்டில் ஒன்று. பிறகு ஆற்றுப் பக்கத் தெருவில். கொஞ்ச நேரத்தில் ஊர் முழுக்க மரவள்ளி இடிபட்டது, கல்யாண வீட்டுக்கு இடிக்கிற மாதிரி.

அவனும் நிறுத்தி வைத்திருப்பான். ஆனால் நிறுத்துவதற்கு அவன் வீட்டில் உலக்கை இல்லை.

டெல்ஃபினா இடிப்பது அவனுக்குத் தெரியும். இரண்டு குத்து, ஒரு மூச்சு, இரண்டு குத்து. இத்தனை வருடம் கேட்டுக் காலையில் எழுந்த சத்தம். மற்ற உலக்கைகளுக்கு நடுவே அதைப் பிரித்துக் கேட்டுக்கொண்டே இருந்தான். திடீரென்று அது மட்டும் நின்றது. அவெலினு தலையைத் தூக்கினான். கழுத்தில் கிடந்த விசிலைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

உரலில் ஒட்டிய மாவை வழித்துவிடத்தான் நிறுத்தியிருக்கிறாள். மறுபடி ஆரம்பித்தாள்.