அக்காவுக்குக் காய்ச்சல் வந்ததில்லை

எங்கள் அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் குடியானவர் வீட்டில் மூத்தவராகப் பிறந்தார். பொம்மிடியில் வாழ்க்கைப்பட்டார். நான் அவருடைய தங்கை. இந்த நினைவஞ்சலி மலருக்கு அக்காவின் பெருமைகளை எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன், ஆனால் பொறாமைப்படாமல் எழுத என்னால் ஆகாது.

அக்காவுக்கு எந்த நோயும் ஒட்டாது. பிறவியிலேயே அப்படி ஓர் உடம்பு. சிறுவயதில் எனக்கு அம்மை போட்டபோது, வந்தால் இருவருக்கும் சேர்ந்தே வந்து போகட்டும் என்று அம்மா அவரையும் என் பாயிலேயே படுக்க வைத்தார். எங்கள் பக்கம் அப்போது அப்படித்தான் செய்வார்கள். நான் மீதம் வைத்த கூழைக் குடித்தார், என் போர்வைக்குள் தூங்கினார். ஒரு கொப்புளம் வரவில்லை. எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று வந்தவர்கள் எல்லாம் அவரைத்தான் அதிசயமாகப் பார்த்தார்கள். "இவள ஆத்தா தொடவே மாட்டா" என்றார்கள். கஷ்டப்பட்டவள் நான், பேர் அவருக்கு. எனக்கு வயிறு எரிந்தது.

மழையில் நனைந்தால் எனக்குச் சளி பிடிக்கும், அக்காவுக்குப் பசி எடுக்கும். கொரோனாவில் எங்கள் இரண்டு குடும்பமும் படுத்தபோதும் அவர் ஒருவர்தான் நடமாடினார். மிளகு ரசம் கொண்டுவந்தவரிடம் ஆற்றாமையில் சொன்னேன்: "உனக்கு ஒரு நாளாச்சும் காச்சல் வரணும்க்கா. அப்பத்தான் எங்க கஷ்டம் தெரியும்."

"வந்தா நீ பாத்துக்க மாட்டியா? மொதல்ல இத குடி, ஆறிடும்" என்றார்.

அதன்பிறகு எனக்கு அதுவே ஆசையாகிவிட்டது. அவர் ஒருமுறை படுக்க வேண்டும். நான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, எழுந்தால் அதட்ட வேண்டும். அவர் அதற்கு இடமே கொடுக்கவில்லை.

போன தை மாதம், மஞ்சள் காட்டில் நின்றபடியே சரிந்தார். பக்கத்துக் காட்டுப் பெண் ஓடிவந்து மடியில் தாங்கியிருக்கிறார். நான் போய்ச் சேர்வதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. "நோய்நொடின்னு படுக்காம போயிட்டாங்க, குடுத்து வச்ச மகராசி" என்று ஊரே பேசியது. என் மாத்திரை டப்பாவோடு நின்ற எனக்கு அதுகூடப் பொறாமையாகத்தான் இருந்தது.

"எங்கக்கா ஏதாச்சும் சொன்னாங்களாம்மா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"தண்ணி கேட்டாங்க. ரெண்டு வாய் குடுத்தனுங்க. முந்தானையில மூஞ்சிய தொடச்சி வுட்டனுங்க."

துக்கத்தில் உடன் நின்ற உறவினர்களுக்கும், வந்தவர்களுக்குச் சமைத்துப் போட்ட தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நோயில் பார்த்துக்கொண்டவர்களுக்கும் இங்கே நன்றி சொல்வது முறை. அக்காவுக்கு அப்படிச் செய்தவர் அந்தப் பெண் ஒருவர்தான். அம்மா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் உங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அந்தத் தண்ணீர் நான் கொடுக்க வேண்டியது.