கிரீடத்தின் உள்துணி

தேசிய அழகிப் போட்டியில் இந்த வருடம் யார் ஜெயிப்பார்கள் என்று நாடே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும்போது, நடத்துகிறவர்களை விட்டால் அதை முன்கூட்டியே அறிந்த ஒரே ஆள் ஊசியக்காதான். அவள் ஒன்றும் சோதிடம் பார்க்கிறவள் இல்லை. போட்டிக்கு வரும் பெண்களுக்கு அளவெடுத்துத் துணி தைக்கிறவள். எந்நேரமும் உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே வேலை பார்ப்பதால் பெண்கள் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். வாயில் ஊசி இருந்தால் பேச முடியாது, அதனால்தான் யார் வந்தாலும் யார் போனாலும் அவள் மட்டும் அங்கேயே நிலைத்துவிட்டாள் என்று வேண்டாதவர்கள் சொல்வார்கள். வேண்டாதவர்கள் சொன்னது என்பதற்காக அது பொய்யாகிவிடாது.

முதலில் போட்டியை நடத்தியது ஒரு சோப்புக் கம்பெனி. அதன் மேலாளர் கூச்ச சுபாவம் உள்ள மனிதர். பெண்களிடம் பேசவேண்டி வந்தால் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசுவார். கிரீடம் என்று அப்போது இருந்தது தகரத்தில் கண்ணாடிக்கல் பதித்த ஒரு சாமான். ஜெயித்தவளின் தலையில் அதை வைத்து, ஊசியக்காவே மேடையேறி நாலு கொண்டை ஊசியைக் குத்திவிட்டு இறங்குவாள். பெண்ணின் படம் ஒரு வருடம் சோப்பு உறையில் வரும். அவள் தன் ஆஸ்பத்திரி வேலைக்கோ பள்ளிக்கூட வேலைக்கோ திரும்பிப் போய்விடுவாள். பிறகு கல்யாணப் புடவைக்கு ரவிக்கை தைக்க ஊசியக்காவிடமே வந்து நிற்பாள்.

கம்பெனி கைமாறியதும் போட்டியை ஒரு பெண்கள் பத்திரிகை எடுத்துக்கொண்டது. அதன் ஆசிரியை குரலை உயர்த்தாமல் ஒரு காபிகூடக் கேட்க மாட்டாள். அழகு மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்று பெண்களை மேடையில் நிறுத்திக் கேள்வி கேட்டாள். பதில் சரியில்லை என்றால் தானே பதிலையும் சொல்லிவிடுவாள். கத்தல், அழுகை, சமாதானம் என்று அது ஒரு சந்தைக்கடை. ஆனால் அந்தக் காலத்திலும் பெண்கள் போட்டி முடிந்ததும் வீட்டுக்குத்தான் போனார்கள். பத்திரிகை நொடித்துப்போய் மூடியபோது ஊசியக்காவுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

மூன்றாவதாக வந்தவர் சென்ட்டுக்காரர். அவருக்கு முன்னால் அவர் பூசிய வாசனை வந்து அறையில் உட்கார்ந்துவிடும். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். தையல் அறையின் கிழிந்த தரை விரிப்பை மாற்றினார், புது மெஷின் வாங்கிக் கொடுத்தார், "அக்கா சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். இப்படிப்பட்டவரைப் பற்றி யாரிடம் போய் என்ன குறை சொல்வது?

அவர் கொண்டுவந்த கிரீடம் கனமானது, உள்ளே வளையம் வைத்தது. கேமராவுக்கு முன்னால் அது வழுக்கக்கூடாது என்றார். அதனால் அதன் உட்புறத்தில் வெல்வெட்டுக்கு அடியில் பஞ்சு வைத்து, தலைக்குச் சரியாக முன்னதாகவே தைத்துவைக்க வேண்டும். யார் தலைக்கு? அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒத்திகை நடக்கும் நாட்களில் அவருடைய உதவியாளரான மூக்குக்கண்ணாடிப் பெண் ஒரே ஒரு பெண்ணை அழைத்துவந்து, "இவங்களுக்குத் தலையும் அளந்துடுங்க" என்பாள். அவ்வளவுதான். மற்றவர்களுக்கு இடுப்பளவோடு சரி.

முதல் வருடம் அப்படி அளந்த பெண் ஜெயித்தாள். ஒப்பந்தப்படி ஒரு வருடம் ஊருக்கு வெளியே சென்ட்டுக்காரரின் பங்களாவில் தங்கிப் பயிற்சி எடுக்கவேண்டும் என்றார்கள். பிறகு வெளிநாட்டுக்குப் படிக்கப் போய்விட்டாள் என்று செய்தி வந்தது. அவளுடைய அம்மா மட்டும் அவ்வப்போது தையல் அறை வாசலில் வந்து நிற்பாள். "உங்ககிட்ட ஏதாவது பேசினாளாம்மா?" என்பாள். ஊசியக்கா வாயிலுள்ள ஊசியோடு இல்லையென்று தலையை ஆட்டுவாள்.

அடுத்த வருடம் ஜெயித்தவள் ஒருமுறை கவுனைச் சரிசெய்ய வந்தாள். கூடவே பங்களாவிலிருந்து ஒரு தடித்த அம்மாள். கவுன் அவள் உடம்பில் தொளதொளவென்று தொங்கியது. பக்கத்துக்கு ஒரு பிடி துணியை உள்ளே தள்ளித் தைக்கவேண்டியிருந்தது. "ஏம்மா, சாப்பிடறியா இல்லையா?" என்று கேட்டதற்கு அந்த அம்மாள், "நல்லா சாப்பிடறாங்க" என்று பதில் சொன்னாள். எதைக் கேட்டாலும் அவள்தான் பதில் சொன்னாள். அளவெடுத்து முடித்து நாடாவை இழுத்தபோது அது வரவில்லை. பெண் மறுமுனையைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அந்த அம்மாள்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். அதன்பின் அவளும் வெளிநாட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். போட்டிக்கு வந்த நாளில் அவள் கழற்றிப்போட்ட செருப்பு இன்னும் மெஷினுக்கு அடியில் கிடந்தது.

கவுனைச் சரிசெய்துகொடுத்த அன்று ஊசியக்கா வீட்டுக்குப் போகிற வழியில் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே போய் என்னவென்று சொல்வது? கவுன் லூசாகிவிட்டது என்றா? திரும்பி வந்துவிட்டாள். இதெல்லாம் நம் கற்பனை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த துணியை வெட்டினாள். பயந்த மனசு எவ்வளவு சுலபமாகச் சமாதானம் ஆகிவிடுகிறது, பாருங்கள்.

இந்த வருடம் தங்கை மகள் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். அதுவும் பெரியம்மாவிடம் சொல்லாமல். கல்யாணம் செய்துகொள்ளாத ஊசியக்கா தங்கை வீட்டில்தான் இருக்கிறாள். அந்தப் பெண் தவழ்ந்ததும் நடந்ததும் அவளுடைய மெஷினைச் சுற்றித்தான். தெரிந்ததும் வீட்டில் ஒரு பாட்டம் சண்டை நடந்தது. "ஊரான் பிள்ளைக்கெல்லாம் விடிய விடியத் தைக்கிற, நம்ம பிள்ளை போனா மட்டும் உனக்கு ஏன் வலிக்குது?" என்று தங்கை கேட்டாள். ஊசியக்கா குண்டூசியைக் கவ்விக்கொண்டு மெஷினில் போய் உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ பெண்கள் வருகிறார்கள், இவள் முதல் சுற்றிலேயே திரும்பிவிடுவாள் என்று நம்பினாள். பெரியம்மா என்று அங்கே காட்டிக்கொள்ளாதே என்று மட்டும் அவளிடம் சொல்லிவைத்தாள்.

போட்டிக்கு முந்தின நாள் மூக்குக்கண்ணாடிப் பெண் கதவைத் தட்டினாள்.

"இவங்களுக்குத் தலையும் அளந்துடுங்க."

பின்னால் நின்றது தங்கை மகள். ஊசியக்கா நாடாவை நெற்றியில் வைத்துப் பின்னால் கொண்டுபோனாள். காதுக்குப் பின்னால் பழைய தழும்பு ஒன்று விரலில் தட்டுப்பட்டது. குழந்தையில் தையல் மெஷினின் இரும்புக் காலில் மோதி விழுந்து வாங்கிய காயம் அது. அன்றைக்கு ஊசியக்காதான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

உதவியாளர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போன நேரத்தில் ஊசியக்கா வாயிலிருந்த ஊசிகளைத் துப்பினாள்.

"நாளைக்கு நீ மேடை ஏறாத. காய்ச்சல்னு சொல்லிட்டு இப்பவே வீட்டுக்குப் போ."

"என்ன பெரியம்மா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா?"

"சொல்றதைக் கேளு. தலை அளவு வேற யாருக்கும் எடுக்கல. உனக்கு மட்டும்தான் எடுத்திருக்கு. அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா உனக்கு?"

பெண் ஒரு கணம் யோசித்தாள். பிறகு அவள் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்ததும் ஊசியக்காவுக்குத் தான் செய்த காரியம் புரிந்துவிட்டது.

"அப்போ நான்தானா?" என்றாள் அவள். "நிஜமாவா பெரியம்மா?"

"அடியே, போனவங்க திரும்பி வரலடி."

"வெளிநாட்டுல இருக்கிறவங்க எதுக்குத் திரும்பி வரணும்?" அவள் பெரியம்மாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத் தலைகால் புரியாமல் ஓடினாள். காலையில்கூட அவளுக்குத் தன்மேல் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. பயந்துகொண்டே, போகலாமா வேண்டாமா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பயத்தை விட்டுவைத்திருந்தாலாவது அவளாகவே பின்வாங்கியிருக்கலாம். அதை ஊசியக்காவே துடைத்து எடுத்துவிட்டாள்.

கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் பஞ்சை எல்லாம் பிடுங்கினாள். வெறும் வெல்வெட்டை மட்டும் ஒட்டவைத்துத் தைத்தாள். தலையில் நிற்காமல் எல்லோர் முன்னாலும் அது கீழே விழட்டும், அபசகுனம் என்று கூட்டம் கூச்சல் போடட்டும், போட்டியே நாறிப்போகட்டும். அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

மறுநாள் பிற்பகல் அரங்கில் ஈ நுழைய இடமில்லை. கிரீடத்தை வைத்ததும் அது வழுக்கிப் பெண்ணின் புருவம் வரை இறங்கியது. அவள் பதறவில்லை. ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குழந்தைபோலச் சிரித்தாள். அவ்வளவுதான், கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. சென்ட்டுக்காரரும் தட்டினார். தட்டிக்கொண்டே திரைக்குப் பக்கத்தில் நின்ற ஊசியக்காவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அரங்கின் பின்வாசலில் கார் நின்றது. பின் இருக்கையில் பெண் கவுனைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா முன்வாசலில் எல்லோரிடமும் வாழ்த்து வாங்கிக்கொண்டிருந்தாள். ஊசியக்கா தையல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராக வந்து, யாரையும் கேட்காமல் மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே ஏறினாள்.

சென்ட்டுக்காரர் முன் இருக்கையில் உட்கார்ந்தபடி கண்ணாடியில் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"நீங்களும் வர்றீங்களா அக்கா? நல்லதாப் போச்சு. அங்க இருக்கிற ரெண்டு பிள்ளைங்களும் உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

கார் கிளம்பியது. கதவுகள் தானாகவே பூட்டிக்கொண்ட சத்தம் கேட்டது. பெண்ணின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது.

"எந்தப் பிள்ளைங்க பெரியம்மா?" என்று அவள் காதோடு கேட்டாள். "அவங்க வெளிநாட்டுலதானே இருக்காங்க?"

ஊசியக்கா ஒரு கையால் அவள் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மறுகையால் பைக்குள் துழாவி, துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலைத் தேடி எடுத்து, முந்தானைக்கு அடியில் மடியில் வைத்துக்கொண்டாள்.