பாப்பா அழுதால் போதும்!

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், எட்டு மாதக் குழந்தை ஒன்றை அழவைக்க நாலு பெரியவர்கள் சேர்ந்து படாத பாடு பட்டோம். அடிக்கவில்லை, கிள்ளவில்லை... அவசரப்பட்டு என்னைத் திட்டிக் கடிதம் எழுதிவிடாதீர்கள்! முழுக் கதையையும் கேளுங்கள்.

திருவொற்றியூரில் எங்கள் எதிர் ஃப்ளாட் நிர்மலாவுடையது. அவளுக்கும் அவள் கணவர் பாஸ்கருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. பாப்பாவுக்கு எல்லாம் கேட்கும். அந்த வீட்டில் காலிங் பெல்லை அழுத்தினால் மணி அடிக்காது. ஹாலில் சிவப்பு பல்பு எரியும். பேச்சு முழுக்கக் கைகளில்தான். என்னோடு பேச மட்டும் வாட்ஸ்அப். எதிரும் புதிருமாக வாசலில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் டைப் செய்து அடிக்கும் அரட்டைக்கு அளவே கிடையாது.

சரி, பாப்பா அழுதால் இவளுக்கு எப்படித் தெரியும்? பழகிய புதிதில் நான் கேட்டேவிட்டேன். நிர்மலா சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். ஸ்மார்ட்வாட்ச்! தூளிக்குப் பக்கத்தில் போன் இருக்கும். அழுகைச் சத்தம் கேட்டதும் அது வாட்ச்சுக்குச் சொல்லும். வாட்ச் அவள் மணிக்கட்டில் விர்ரென்று அதிரும். நாமெல்லாம் எத்தனை அடி நடந்தோம் என்று பார்த்துப் பீற்றிக்கொள்ளக் கட்டிக்கொள்கிறோமே... அதே வாட்ச்தான்.

அதுதான் போன வாரம் மக்கர் பண்ணியது. போனில் சாஃப்ட்வேர் அப்டேட் வந்திருக்கிறது. இவளும் ஓகே கொடுத்திருக்கிறாள். அதிலிருந்து வாட்ச் போனோடு சேரவே மாட்டேன் என்கிறது. புதுப்பித்துத் தருகிறேன் என்று வந்து, இருப்பதையும் கெடுத்துவிட்டுப் போவதற்கு என்னதான் பெயரோ!

நிர்மலா அசரவில்லை. வாட்ச் வாங்குவதற்கு முன் இருந்த ஏற்பாட்டுக்குத் திரும்பினாள். காசிமேட்டில் மீன்வலை பின்னுகிற நைலான் நூல் — ஒரு முனை தூளியில், மறுமுனை அவள் கணுக்காலில். பாப்பா புரண்டால் கால் இழுபடும். என்ன மூளை பாருங்கள்!

ஆனால், சனிக்கிழமை மதியம் அவர்கள் இருவரும் அசந்து தூங்கியபோது முடிச்சு அவிழ்ந்துவிட்டது. பாப்பா வீறிட்டு அழுகிறது. நான் பெல்லை அழுத்து அழுத்தென்று அழுத்துகிறேன். ஹாலில் பல்பு எரிந்து என்ன பயன்? அவர்கள் உள்ளறையில் அல்லவா இருக்கிறார்கள்! ஒருவழியாக நிர்மலா கண் விழித்துத் தூக்கியபோது பாப்பாவுக்குக் குரலே கம்மிப்போயிருந்தது. அதன் பிறகு நிர்மலா அழுத அழுகையை என்னால் பார்க்க முடியவில்லை.

ஞாயிறு இரவு முதல் பாஸ்கருக்கு நைட் ஷிஃப்ட். மணலி பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை. இரவெல்லாம் நிர்மலாவும் பாப்பாவும் மட்டும்தான். 'நான் வந்து படுத்துக்கொள்கிறேன்' என்று டைப் செய்தேன். பதில் வந்தது:

'தேங்க்ஸ்க்கா. ஆனா என் பாப்பா அழுதா மொதல்ல எனக்குத் தெரியணும்.'

வாட்ச்சைச் சரிசெய்தே தீருவது என்று களத்தில் இறங்கினேன்.

முதலில் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன்.

"மேடம், அக்கவுன்ட் யார் பேர்ல இருக்கோ அவங்கதான் பேசணும்."

"அவங்களுக்குக் காது கேட்காது, பேச வராதுங்க. அதுக்குத்தான் நான் பேசறேன்."

"புரியுது மேடம். அவங்க பக்கத்துல இருந்தா போனைக் கொடுங்க, ஒரு வார்த்தை பேசிடறேன்."

எப்படி இருக்கிறது கதை? வெறுத்துப்போய் கட் பண்ணினேன். போனில் பழைய இணைப்பை அழித்தேன், மறுபடி தேடவிட்டேன். 'டிங்' என்று சத்தம் வந்தது. வெற்றி! நான் கட்டைவிரலை உயர்த்திக் குதிக்கிறேன்... நிர்மலா என்னையே பார்க்கிறாள். மணிக்கட்டைத் தொட்டுக் காட்டி உதட்டைப் பிதுக்கினாள். வாட்ச் அசையவே இல்லை. அந்த வீட்டில் 'டிங்'குக்கு என்ன மரியாதை? காது கேட்கிற அசடு மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது!

இதற்குள் பாஸ்கர், காது கேளாத நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் விஷயத்தைப் போட்டுவிட்டார். எழுத்தாக இல்லை, சைகை மொழியில் வீடியோவாக. கொஞ்ச நேரத்தில் தூத்துக்குடியிலிருந்து ஒரு பெண் வீடியோ காலில் வந்தாள். அவளுக்கும் அதே அப்டேட், அதே தொல்லையாம். விரல்கள் பறந்தன. பாஸ்கர் எனக்காக டைப் செய்தார்: 'போன் மறந்தா மட்டும் போதாது. வாட்ச்சும் மறக்கணும்.'

அதாவது, நான் போனில் மட்டும் அழித்திருக்கிறேன். வாட்ச் பழைய உறவையே நினைத்துக்கொண்டு முறுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு பக்கமும் பழசை மறந்தால்தானே புதிதாகக் கை குலுக்க முடியும்? மனிதர்களுக்கும் அதேதான். வாட்ச்சை ரீசெட் செய்தோம். அப்டேட் பிடுங்கிக்கொண்டிருந்த பெர்மிஷன்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தோம். சேர்ந்துகொண்டது!

கேட்டதற்கும் காட்டியதற்கும் நடுவில் ஹோல்டு மியூசிக் இல்லை, 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' இல்லை. இப்படி ஒரு கஸ்டமர் கேர் எனக்கு வாய்த்ததே கிடையாது.

இனி டெஸ்ட் பண்ண வேண்டும். பாப்பா அழ வேண்டும். மகராசியோ, தூளியில் படுத்தபடி எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தரைத்தளத்து மல்லிகா மேலே வந்தாள். தெருமுனையில் இட்லிக் கடை போடுபவள்.

"இன்னாக்கா, ஆளாளுக்குக் கொயந்த மூஞ்சயே பாத்துகினு கீறீங்க?"

சொன்னேன்.

"இவ்ளோதானா மேட்டரு? நான் அயுறேன் பாரு!" என்று போனுக்கு முன் குந்தி, குவா குவா என்று கத்தினாள். போன் மசியவில்லை. பாப்பாவுக்கு மட்டும் ஏகப்பட்ட குஷி.

யூடியூபில் ஏதோ ஒரு குழந்தை அழும் வீடியோவைப் போட்டோம். வாட்ச் அதிர்ந்தது! நிர்மலா மட்டும் தலையை ஆட்டிவிட்டாள். 'அது யாரோட பாப்பாவோ. ராத்திரி அழப்போறது என் பாப்பா.' சரிதானே?

அப்போதுதான் பாஸ்கர் ஒன்று டைப் செய்து காட்டினார். அம்மா முகம் கண்ணெதிரே இருக்கும்வரை பாப்பா அழுவதில்லையாம். ஏதாவது வேண்டுமென்றால் கையை ஆட்டுவாளாம். அம்மாவிடம் எந்த மொழியில் பேச வேண்டும் என்று எட்டு மாதத்திலேயே தெரிந்து வைத்திருக்கிறாள்!

எல்லோரும் பூனை மாதிரி வெளியே வந்து, மாடிப்படியில் நின்றோம். நிர்மலாவின் கண்கள் வாட்ச்சிலேயே இருந்தன.

உள்ளே பாப்பா சிணுங்க ஆரம்பித்தாள். எனக்கும் மல்லிகாவுக்கும் கேட்டுவிட்டது. ஆனால், முகத்தில் காட்டிவிடக் கூடாதே! முதலில் அவளுக்கல்லவா தெரிய வேண்டும்? மல்லிகா பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். சிணுங்கல் அழுகையானது. 'அதிரேன் சனியனே' என்று மனசுக்குள் வாட்ச்சைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நிர்மலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மணிக்கட்டை எங்கள் முன் நீட்டிக் காட்டிய அடுத்த நொடி அவள் அங்கே இல்லை. நாங்கள் உள்ளே போனபோது பாப்பா அவள் தோளில் இருந்தாள். அழுத பிள்ளைக்குப் பால் கிடைத்தே தீர வேண்டும் என்று இவ்வளவு பாடுபட்ட ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

"பேஜாராயிட்ச்சுக்கா எனக்கு!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே மல்லிகா கை தட்டப் போனாள். சட்டென்று நிறுத்தி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். அந்த வீட்டில் கைதட்டல் அப்படித்தான். பாஸ்கர் கைகளும் மேலே போயின, என் கைகளும்.

ஒரு குழந்தை அழுததற்காக நாங்கள் எல்லோரும் கை தட்டினோம் — துளிச் சத்தம் இல்லாமல்.