வாசலில் இல்லாத மூன்று பெயர்கள்

கிடர்பூர்ப் பாலத்தின் மேல் லாரிகளுக்கு நடுவே பஸ் அசையாமல் நின்றபோது போன் வந்தது. "லலிதாதி, சிஸ்டர் ஆர் நேய்" என்றார் மடத்துத் தலைவி வங்காளியில், சிஸ்டர் இனி இல்லையென்று. அருள்மேரி சிஸ்டர் காலை ஜெபம் முடிந்ததும் நாற்காலியிலேயே போய்விட்டாராம். இறங்கி ஓடவும் வழியில்லை, வாய்விட்டு அழவும் முடியவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் மடியில் கோழிக்கூடை. முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவரை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாளையங்கோட்டைப் பெண். இருபத்திரண்டு வயதில் இந்த மடத்துக்குள் வந்தவர். வெளியே வராத சபை. வருகிறவர்களிடம் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்துதான் பேச வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பின்வாசலில் வேன் ஏறி, பின்வாசலிலேயே வந்து இறங்குவார். நாற்பது வருஷம் தினமும் மண்டியிட்ட சிற்றாலயத்தின் முகப்பை ஒருநாள்கூட அவர் தெருவில் நின்று பார்த்ததில்லை. அந்த ஆலயத்தின் வரலாற்றைத்தான் எழுதினார்.

டைப் அடிக்க ஆள் தேடினார்கள். சரக்கு கிளியரிங் ஆபீஸில் தமிழ் தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்று யாரோ என்னைப் பிடித்துக் கொடுத்தார்கள். "நான் முருகனைக் கும்பிடறவ சிஸ்டர்" என்று முதல் நாளே சொன்னேன். "முருகன் டைப் அடிக்கக் கூடாதுன்னா சொல்லுதாரு? உக்காருட்டி" என்றார்.

பழைய பதிவேட்டில் ஒரு வரியைக் கண்டுபிடித்த அன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆலயத்தைக் கட்டிய மூன்று கொத்தனார்களின் பெயரை வாசலுக்கு மேல் கல்லில் செதுக்கச் சொன்னாராம் அந்தக் காலத்துத் தலைவி. பெயர்கள் பதிவேட்டில் இல்லை. "பிஷப்பு பேரு எல்லாக் கல்லுலயும் இருக்கு. கொத்தன் பேரு எங்கட்டி இருக்கு? போயி வாசிச்சிட்டு வா. அவங்களுக்காக ஜெபிக்கணும்."

போனேன். வாசலுக்கு மேலே சிமெண்டு பூசி, பளபளவென்று டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். திரும்பி வந்தால், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "இருக்காட்டி?" அந்த முகத்தைப் பார்த்து இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருக்கிறது என்றேன். "பேரு?" வாயில் வந்ததைச் சொன்னேன்: நிதாய், ரஃபீக், கார்த்திக். எங்கள் ஆபீஸ் லிஃப்ட்மேன், வாட்ச்மேன், டீ கொண்டுவருகிறவர்.

"நம்ம கோயில யாரெல்லாம் கட்டிருக்காங்க பாத்தியா!" என்று பூரித்துப்போய் அரைப் பக்கம் எழுதினார். நானே டைப் அடித்தேன். புத்தகமும் வந்துவிட்டது. அன்றிலிருந்து மாட்டிக்கொண்டேன். மாலை ஜெபத்தில் இறந்தவர்களோடு சேர்த்து இந்த மூன்று பேரின் ஆன்ம இளைப்பாற்றிக்காகவும் மடமே வேண்டிக்கொள்ளும். மறுநாள் காலை நிதாய் லிஃப்ட் கதவைத் திறந்து, "கீ கோபர், திதி?" என்று சேதி விசாரிப்பார். அவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது! இந்தச் சனிக்கிழமை சொல்லிவிடலாம் என்று கிளம்புவேன். "ஒங் கண்ணாலதான்ட்டி நான் வாசலைப் பாத்தேன்" என்பார் சிஸ்டர். வாயை மூடிக்கொண்டு திரும்புவேன். ஆறு வருஷம் இப்படியே ஓடியது. பாவி, ஒருநாள் சொல்லியிருக்கலாம்.

அடக்கத்தன்று தலைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் இரண்டு வருஷம் முன்பு வந்தவர். நான் வாசித்த பிறகுதான் டைல்ஸ் ஒட்டினார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். சிஸ்டர் நினைவாக அந்த மூன்று பெயர்களையும் புதுக் கல்லில் செதுக்கி வாசலில் பதிக்கப் போகிறார்களாம். நினைவு மலருக்கு நாலு வரி நீங்களே எழுதுங்கள் என்றும் கேட்டார்.

எழுதிவிட்டேன், இதுதான் அது. தலைவி அவர்களே, அந்தக் கல்லைச் செதுக்காதீர்கள். புத்தகத்தில் இருப்பவை என் பொய்ப் பெயர்கள். மூன்று பேரும் நன்றாக இருக்கிறார்கள். டைல்ஸை உடையுங்கள், ஆளை நானே கூட்டி வருகிறேன். அடியில் கல் இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். அருள்மேரி சிஸ்டரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, அவர் சொல்லி நான் செய்யாத அந்த ஒரு வேலைதான்.