பெலாச்சான் புகைக்குள் ஒரு காப்பி

எங்களுக்குக் கல்யாணமான மறு வருஷமே ஜப்பான்காரன் வந்துவிட்டான். இதில் எங்கள் ஜாதகத்துக்கு எவ்வளவு பங்கு என்று இரண்டு வீட்டாரும் கொஞ்ச காலம் விவாதித்தார்கள். அந்த விவாதத்தில் கலந்துகொள்ள எனக்கும் என் மனைவிக்கும் நேரமில்லை. இன்றைக்கு என்ன சாப்பிடுவது என்ற ஒரே கேள்வி எங்களைக் காலை முதல் மாலை வரை வேலை வாங்கிக்கொண்டிருந்தது.

மலாயாவில், செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. வெள்ளைக்காரத் துரை மேசைமேல் பாதி குடித்த தேநீரை அப்படியே விட்டுவிட்டுச் சிங்கப்பூர்ப் பக்கம் போயிருந்தார். பிறகு வந்த ஜப்பான் துரைக்கு ரப்பர்மேல் பிரியம் குறைவு. மரவள்ளி நடச் சொன்னார். தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்குப் பின்னால் நட்டோம், முன்னால் நட்டோம், மாரியம்மன் கோயிலைச் சுற்றி நட்டோம். கடைசியில் நாங்கள் காலையில் குனிந்து வணங்கிய ஜப்பான் கொடிக்கம்பத்தின் அடியிலும் மரவள்ளி தழைத்தது. அது என்னை மிகவும் நிம்மதிப்படுத்தியது. எதை வணங்குகிறோம் என்று ஒருவாறு தெளிவாகிவிட்டதல்லவா.

சயாம் ரயில் பாதை போட லயங்களிலிருந்து ஆள் பிடித்துக்கொண்டு போன காலம் அது. போனவர்களைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. அதனாலோ என்னவோ, நானும் அவளும் சாப்பாட்டைப் பற்றியே பேசினோம். கல்யாணத்துக்குப் பிறகு ஜொகூர் பாருவில் சில நாள் தங்கியிருந்தபோது கடலோரத்தில் ஒரு ராவுத்தர் கடையில் ஆட்டுக்கறி பிரியாணி சாப்பிட்டிருந்தோம். அதை நாங்கள் வருஷக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் அவித்த மரவள்ளியைத் தட்டில் போட்டு, "பிரியாணி" என்பாள். நான் ஒரு வாய் தின்றுவிட்டு, உப்பு குறைவு என்பேன். "ராவுத்தர்கிட்ட போய்ச் சொல்லுங்க, நான் பரிமாறுறவதான்" என்பாள். மரவள்ளி புட்டு ஒரு நாள் இடியாப்பமாகும், மறுநாள் மீன் வறுவலாகும். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இத்தனை வகை கிடையாது.

இந்த விளையாட்டுக்கு மசியாத பொருள் ஒன்றே ஒன்றுதான்: காப்பி. சோளத்தைக் கருக்கி இடித்த தூளில் வடித்த தண்ணீரைத் தோட்டம் முழுக்கக் காப்பி என்று குடித்தோம். அதைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாலும் சோளம்தான். மூக்கையும் மூடிக்கொண்டால் வெறும் தண்ணீர். என் மனைவி ஒரு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரு நாள் சொன்னாள், "பிரியாணியக்கூட நெனச்சுக்க முடியுது. இத நெனச்சுக்கக்கூட முடியல."

அப்போதுதான் நான் வீரச்செயல் ஒன்றைச் செய்தேன். தோட்டத்து எல்லைக்கு அப்பால் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், மக்சிக் என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு வயதான மலாய்க்காரியின் வீட்டு முற்றத்தில் காப்பிச் செடிகள் நின்றன. விளைந்ததையெல்லாம் யாரோ வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆனாலும் அவளிடம் ஒரு பிடி பச்சைக் கொட்டை இருக்கும் என்று கேள்விப்பட்டேன். துணி கிடைக்காத காலம். என்னிடம் ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போகும் வெள்ளைக் கால்சட்டை ஒன்று மிச்சமிருந்தது. அதைக் கொடுத்துக் கொட்டையை வாங்கி வந்தேன். கொடுப்பதற்கு முன் என் மனைவி கால்சட்டையின் பைகள் இரண்டையும் பிரித்து எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்டேன். "காப்பி வடிகட்ட வேணாமா" என்றாள். மக்சிக் அந்தக் கால்களைத் தலையணை உறைகளாகத் தைத்துக்கொண்டாள் என்று பின்னால் தெரியவந்தது. என் கால்களுக்கு அதற்கு முன்போ பின்போ அத்தனை மரியாதை கிடைத்ததில்லை.

கொட்டையைக் கையில் அள்ளிப் பார்த்தோம். இரண்டு டம்ளர் வரும். மூன்றாவது டம்ளருக்கு அதில் இடமே இல்லை.

இங்கேதான் சங்கடம். எங்கள் பழக்கம் உங்களுக்குத் தெரியும். காப்பி மணக்கும் வீட்டுக்குள் யார் காலெடுத்து வைத்தாலும் அவருக்கு ஒரு டம்ளர் கொடுத்தாக வேண்டும், கொடுக்காதவன் மனுஷனில்லை. பச்சைக் கொட்டைக்கு வாசனை கிடையாது, யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். வறுத்தாலோ தோட்டம் முழுக்கத் தம்பட்டம். சங்கப் பாட்டுகளில் களவுக் காதலை ஊர் தூற்றுவதற்கு அலர் என்று பெயர். எங்கள் களவில் அலர் சட்டியிலிருந்தே கிளம்பும்.

அதிலும் எங்கள் வீட்டுக்கு ஒட்டினாற்போல், ஒரே பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம், டிரஸ்ஸர் வீடு. தோட்டத்து ஆஸ்பத்திரியை நடத்துகிறவர் அவர். மருந்து தீர்ந்து வெகு நாளாகிவிட்டதால், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போகச் சொல்வதே அப்போதைய வைத்தியம். ஐம்பதைத் தாண்டியவர். நல்ல மனிதர். மூக்கு மட்டும் போலீஸ்காரன் மூக்கு.

நான் துப்பறியும் நாவல்கள் நிறையப் படித்தவன். சின்ன வாசனையை மறைக்கப் பெரிய வாசனை வேண்டும் என்று என் மனைவியிடம் விளக்கினேன். காப்பி வறுக்கும்போது பக்கத்து அடுப்பில் பெலாச்சான் சுட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பெலாச்சான் என்பது இறாலை உப்பில் புளிக்கவைத்து இடித்த கட்டி. அதைக் கனலில் காட்டினால் அடுத்த தோட்டத்து நாய் எழுந்து உட்காரும். அவள் என்னைச் சற்று நேரம் பார்த்தாள். "படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அந்தத் தொனியை அன்றைக்கு நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஓய்வு நாள் காலையில் வேலை நடந்தது. கொட்டை பொரிந்து கறுத்துப் பளபளத்தது. பெலாச்சான் புகை கண்ணைக் கரித்தது. ஊர் இந்த வாசத்தை மறந்தபின் குடிக்கலாம் என்று, வறுத்ததைச் சூடு ஆறுமுன் போத்தலில் போட்டு அடைத்து, துணி சுற்றி விறகுக்குப் பின்னால் வைத்தாள். இரண்டு பேரும் திருடர்கள்போலச் சிரித்துக்கொண்டோம்.

கதவு தட்டப்பட்டது. டிரஸ்ஸரும் அவர் மனைவியும். அந்த அம்மாள் முந்தானைக்குள் ஏதோ வட்டமாகத் தெரிந்தது. தட்டு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெலாச்சானை யாரும் சும்மா சுட மாட்டார்கள். மிளகாயோடு சேர்த்துச் சம்பல் இடிக்கத்தான் சுடுவார்கள். சம்பலை மரவள்ளிக்கு யாரும் வீணாக்க மாட்டார்கள். பெலாச்சான் மணந்தால் அந்த வீட்டில் சோறு வேகிறது என்று அர்த்தம். காப்பியை ஒளிக்கப் போய் நான் ஒரு மூட்டை அரிசியைத் தோட்டத்துக்கு அறிவித்திருந்தேன்.

டிரஸ்ஸர் உட்கார்ந்தார். மழை வருமா என்றார். வரலாம் என்றேன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கிராணியாரே, அரிசி எங்கேருந்து வந்துச்சுன்னு நான் கேக்கல. ஆனா இந்த வாசம் ஆபீஸ் வரைக்கும் போயிருக்கும் லா. பதுக்கி வச்சிருக்கீங்கன்னு யாராவது சொன்னா, வீட்டையே பிரிச்சுப் போட்டுருவாங்க."

அரிசி இல்லை என்றேன். தலையாட்டினார். சத்தியமாக இல்லை என்றேன். இன்னும் அனுதாபமாகத் தலையாட்டினார். இல்லை என்று நிரூபிக்க வேண்டுமானால் விறகுக்குப் பின்னாலிருக்கும் போத்தலைக் காட்ட வேண்டும். காட்டினால் இரண்டு டம்ளர் நாலாகும். நான் வீட்டுக் கூரையைப் பார்த்தேன். படித்த நாவல்களில் இந்தக் கட்டத்துக்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

என் மனைவி டிரஸ்ஸரம்மாவை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஏதோ கிசுகிசுப்பு. அந்த அம்மாள் வெளியே வந்தபோது முகமே மாறியிருந்தது. என்னைப் பார்த்து, "சொல்லவே இல்லயே தம்பி" என்றாள். நான் எதைச் சொல்லவில்லை என்று தெரியாததால் பொதுவாகச் சிரித்துவைத்தேன்.

அவர்கள் போன பிறகு தெரிந்துகொண்டேன். என் மனைவிக்கு மசக்கையாம். எதைத் தின்றாலும் குமட்டுகிறதாம், பெலாச்சான் புகையை மோந்தால் மட்டும் வயிறு அடங்குகிறதாம். அதற்காகத்தான் சுட்டோமாம்.

"எத்தனை மாசம்னு சொன்ன?" என்று கேட்டேன்.

"இப்பதான்னு சொன்னேன். நீங்க கூரையப் பாத்துக்கிட்டு இருந்தா நான் என்ன பண்றது?"

அரிசிக் கவலை அன்றோடு தீர்ந்தது. டிரஸ்ஸரம்மா தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டாள். மறுநாள் காலை அவள் ஒரு போத்தலோடு வந்தாள். உள்ளே சிவப்பாக, கெட்டியாக, செம்பனை எண்ணெய். பிள்ளைத்தாய்ச்சிக்குச் சத்து வேண்டும், தினமும் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி குடிக்கவேண்டும், டிரஸ்ஸர் உத்தரவு. குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் மனைவி அதை விழுங்கியபோது என்னைப் பார்த்த பார்வையில் மசக்கை எதுவும் இல்லை, கொலை இருந்தது.

ஆனால் சாயங்காலம் அதே டிரஸ்ஸரம்மா இன்னொன்றும் கொண்டுவந்தாள். முந்தானைக்குள்ளிருந்து அதை எடுத்தாள். பால் டின். சண்டைக்கு முந்திய, கெட்டியான, இனிப்பான டின் பால். லயத்து மாடுகளெல்லாம் ஒவ்வொன்றாகச் சிப்பாய்கள் தங்கியிருந்த பக்கம் போய்த் திரும்பாத காலத்தில், டின் பால். இதற்கென்றே எங்கோ ஒளித்துவைத்திருந்தாளாம். ஒரு கரண்டி எடுத்து வெந்நீரில் கலக்கி, என் மனைவி கடைசிச் சொட்டுவரை குடிக்கிறாளா என்று பார்த்து, டின்னைத் திரும்ப முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். தினமும் அப்படித்தான்.

காலையில் எண்ணெய், மாலையில் பால். விறகுக்குப் பின்னால் காப்பிக்கொட்டை வாசம் போய்க்கொண்டிருந்தது. "பால் இல்லாமலே குடிச்சிரலாமே" என்று கெஞ்சினேன். "இவ்வளவு எண்ணெய் குடிச்சது கடுங்காப்பிக்கா?" என்றாள். அந்த டின் ஒரு நாள் தனியாக அகப்படும் என்று அவள் நம்பினாள்.

அகப்பட்டது. லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. டிரஸ்ஸரம்மா உதவிக்குப் போனாள். போகிற அவசரத்தில் டின்னை எங்கள் வீட்டிலேயே வைத்து, இன்றைக்கு நீயே கலந்து குடித்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நல்ல மாலை வெளிச்சம். கொட்டையைத் துணி சுற்றிய உலக்கையால் சத்தமில்லாமல் இடித்தாள். என் கால்சட்டைப் பையில் வடிகட்டினாள். கறுப்பாக இறங்கியது. டின் பாலை ஊற்றியதும் அந்த நிறம், மழைக்குப் பிறகு தோட்டத்துச் செம்மண் இருக்குமே, அந்த நிறம். வெல்லம்கூடத் தேவைப்படவில்லை. இரண்டு டம்ளர். முதல் வாய் குடித்தோம். ராவுத்தர் கடையும் கடலும் நினைவுக்கு வரவில்லை. அவற்றுக்கு அவசியம் இல்லாமல் போயிற்று.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"பிள்ளைத்தாய்ச்சிக்குக் காப்பி சூடு லா, கிராணியாரே. பாதிக்கு மேல குடுக்காதீங்க."

டிரஸ்ஸர் தன் சொந்த டம்ளரோடு வந்து உட்கார்ந்தார். கோபமே இல்லை. அன்றைக்கே, பெலாச்சான் புகைக்குள்ளேயே காப்பியைக் கண்டுபிடித்துவிட்டாராம். அழைப்போம் என்று காத்திருந்தாராம். அரிசி என்று பயமுறுத்தியும் பார்த்தாராம். நாங்கள் மசக்கையைக் கொண்டுவருவோம் என்று மட்டும் எதிர்பார்க்கவில்லையாம்.

"அப்ப எண்ணெய்?" என்று கேட்டாள் என் மனைவி. அவள் குரல் மிகவும் அமைதியாக இருந்தது.

"அந்தப் பால் டின்னுக்குப் பழிவாங்கத்தான் மா. அன்னைக்கு ராத்திரி உனக்குன்னு அவ அத எடுத்து வைக்கிற வரைக்கும், எங்க வீட்டுல அப்படி ஒண்ணு இருந்ததே எனக்குத் தெரியாது. கட்டினவனுக்குச் சோளத் தண்ணி, பக்கத்து வீட்டுக்கு டின் பால். நான் வேற எங்க போய்ச் சொல்லுவேன்?"

அவள் சிரித்துவிட்டாள். தன் டம்ளரிலிருந்து பாதியை அவர் டம்ளரில் ஊற்றினாள். நான் என் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தாராளத்துக்கு ஒரு வீட்டில் ஒருவர் போதும்.

அவர் குடித்து முடித்துக் கண்ணைத் திறக்கும்போது வாசலில் டிரஸ்ஸரம்மா நின்றாள். குழந்தை பிறந்துவிட்டதாம், ஆண் குழந்தையாம். சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். மூன்று டம்ளர்களைப் பார்த்தாள், கயிற்றில் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்த கால்சட்டைப் பையைப் பார்த்தாள், கடைசியில் என் மனைவியின் வயிற்றைப் பார்த்தாள். டின்னை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். பிறகு என் டம்ளரை என் இரண்டு கையிலிருந்தும் வாங்கி, மிச்சமிருந்ததை நின்றபடியே குடித்தாள். டின்னோடு போய்விட்டாள். மறுநாள் எண்ணெயும் வரவில்லை. மிச்ச எண்ணெயை விளக்குக்கு ஊற்றினோம்.

வெகு நாள் எங்களோடு பேசாமல் இருந்தாள். ஜப்பான்காரன் போய், கடைகளில் சாமான்கள் வரத் தொடங்கிய பிறகு, என் மனைவிக்கு நிஜமாகவே நாள் தள்ளிப்போனது. சேதி தெரிந்த அன்று சாயங்காலம் டிரஸ்ஸரம்மா வந்தாள். கையில் பிரிக்காத ஒரு பால் டின். அதை நடு மேசையில் வைத்து, இடுப்பில் கைவைத்து, என் மனைவியை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆனைகூட இவ்வளவு நாள் சுமக்காது தங்கச்சி" என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பி, காப்பி போடச் சொன்னாள். நாலு டம்ளர்.