அம்மாவின் முகம் கொண்டவன்

ஹெட்லி அண்ணன் இறந்த செய்தி படகுத்துறையிலிருந்து ஊருக்குள் வருவதற்குள் ஆள் மாறிவிட்டது. பக்கத்துத் தெரு மிரியம், துக்க வீட்டுக்குக் கொடுக்கும் கேக் ஒன்றைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு, நேராகப் பெரியண்ணன் கார்லண்டின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்தது கார்லண்டேதான். கேக் கீழே விழுந்தது.

"நீயா? அப்ப செத்தது யாரு?"

தம்பி போய்விட்டதைக் கார்லண்ட் அப்படித்தான் தெரிந்துகொண்டான்.

மிரியத்தைக் குற்றம் சொல்ல முடியாது. நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும், எங்கள் வாட்சர் வீட்டில் அடுத்துச் சாகப்போவது கார்லண்ட் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அப்பா வலை இழுத்துக்கொண்டிருக்கும்போதே படகில் சாய்ந்தார். சித்தப்பா ஒரு கல்யாண நடனத்தின் நடுவில். அத்தை தேவாலயப் படியில். ஒருவரும் நாற்பதைத் தொடவில்லை. ஒரு நாள் காய்ச்சல்கூட இல்லை. இதயம் நின்றது, அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் முன்னறையில் பிணம் கிடக்கும்போது, சமையலறையில் தேநீர் போடும் பெண்கள் மிச்சமிருக்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பார்கள். அப்பாவின் சாவன்று எங்கள் மூவரையும் பார்த்தார்கள். கார்லண்டுக்கு அப்பாவின் செம்பட்டை முடி, அப்பாவின் நீண்ட தாடை. "அப்பனை அப்படியே உரிச்சு வச்சிருக்கான், பாவம்" என்றார்கள். ஹெட்லிக்குக் கறுத்த முடி, அம்மாவின் சப்பை மூக்கு. "இவன் அம்மா வீட்டுப் புள்ள. இவனுக்கு ஒண்ணும் வராது." நான் இரண்டும் கலந்து இருந்ததால் என்னை விட்டுவிட்டார்கள்.

அன்றோடு கார்லண்டின் வாழ்க்கை உட்கார்ந்துவிட்டது. துடுப்பைத் தொட விடவில்லை. அவன் கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அவன் பங்கு வேலையையும் ஹெட்லிதான் செய்தான். பனியில் விறகு இழுத்தான். காட்டில் சுட்ட மூஸ் என்னும் பெரிய மானைத் துண்டு துண்டாகத் தோளில் சுமந்து வந்தான். ஏப்ரலில் நண்டுக் கூண்டுகளோடு கடலுக்குப் போனான். வீட்டுக்குள் வரும்போதெல்லாம் ஒரு சீண்டல் இருக்கும். "மகாராஜா எந்திரிக்க வேணாம். தேத்தண்ணிய நானே ஊத்திக்கறேன்."

போன இலையுதிர் காலத்தில் டாக்டர் பிரிடில் என்ற பெண் மாகாணத் தலைநகரிலிருந்து வந்து, தேவாலயக் கூடத்தில் எங்களை உட்கார வைத்துப் பேசினார். நோய்க்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். ரத்தம் கொடுத்தால் யாருக்கு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். இருப்பவர்களுக்கு நெஞ்சில் ஒரு சின்னப் பெட்டி வைப்பார்கள். இதயம் தடுமாறினால் அது ஷாக் கொடுத்து ஓட வைக்கும்.

"அந்த மரபணு எல்லாருக்கும் ரெண்டு பிரதி இருக்கு. அப்பாகிட்டருந்து ஒண்ணு, அம்மாகிட்டருந்து ஒண்ணு. இந்த நோய்க்கு ஒரு பிரதி கெட்டிருந்தாலே போதும். உங்கப்பாகிட்ட நல்லது ஒண்ணு, கெட்டது ஒண்ணு இருந்துச்சு. ஒவ்வொரு புள்ளைக்கும் அதுல ஏதோ ஒண்ணு போயிருக்கும்."

பின் வரிசையிலிருந்து ஹெட்லி கேட்டான். "அதான் அண்ணன் மூஞ்சிலயே எழுதியிருக்கே டாக்டரம்மா. ரத்தம் எதுக்கு?"

"முடிக்கு வேற மரபணுக்கள், தாடைக்கு வேற, இதயத்துக்கு வேற. ஒண்ணு வந்தா இன்னொண்ணும் கூடவே வரணும்னு இல்ல."

"அப்ப எங்கப்பா தாடையை அவனுக்குக் குடுத்துட்டு, வியாதிய எனக்குத் தள்ளிட்டாரோ?"

கூடமே சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. "தள்ளியிருக்கலாம்" என்றார்.

கார்லண்டும் நானும் ரத்தம் கொடுத்தோம். ஹெட்லி கொடுக்கவில்லை.

எனக்கு இல்லை என்று வந்தது. கார்லண்டுக்கும் இல்லை. அம்மா நம்பாமல் இன்னொரு முறை பார்க்கச் சொன்னார். அதிலும் இல்லை. கார்லண்ட் கொல்லைக்குப் போய்க் கோடரியை எடுத்து, இருட்டும்வரை விறகு பிளந்தான். கை கொப்பளித்து ரத்தம் வந்தும் நிறுத்தவில்லை. அழுதுகொண்டே பிளந்தான்.

ஹெட்லி வாசலில் நின்று கத்தினான். "இம்புட்டு வருசம் என்னைச் சுமக்க விட்டுட்டு, இப்ப வந்து வெட்டறியா அண்ணே!" பிறகு போய் அவனைக் கட்டிக்கொண்டான்.

அன்று இரவுச் சாப்பாட்டில் நான் மறுபடி கேட்டேன். "உன் ரத்தத்தையும் குடுத்துடேண்ணா."

"அப்பன் மாதிரியே இருக்கிறவனுக்கே இல்லியாம். எனக்கு எங்கேர்ந்துடி வரும்?"

"அவனுக்கு வராததுக்கும் உனக்கு வர்றதுக்கும் சம்பந்தமே இல்லேன்னு டாக்டர் தலையில அடிச்சுக்கறாங்க."

"சரி சரி, காலேஜ் படிச்சவளே. நண்டு சீசன் முடியட்டும், குடுக்கறேன். உன் வாயை அடைக்கவாவது."

சீசனின் முதல் வாரத்திலேயே, துறையில் கூண்டு இறக்கிக்கொண்டிருந்தவன், அடுத்த கூண்டுக்குக் குனிந்தான். நிமிரவில்லை.

இறந்த பிறகு பரிசோதித்தார்கள். கெட்ட பிரதி அவனிடம்தான் இருந்தது. டாக்டர் சொன்னபோது அம்மா தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். "இது என் மூக்கும்மா. அவன் என் புள்ள. சரியாப் பாத்தீங்களா?" அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

அடக்கத்தன்று சமையலறையில் பெண்கள் ஹெட்லியின் மகள் ரொவீனாவைப் பார்க்கத் தொடங்கினார்கள். அவளுக்குப் பத்தொன்பது வயது. "இவ அவங்கம்மா ஜாடை, நல்லவேளை..." என்று மிரியம் ஆரம்பித்தாள்.

"வாயை மூடு மிரியம்" என்றான் கார்லண்ட். அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

ரொவீனா கையிலிருந்த தட்டைக் கழுவி வைத்தாள். "பெரியப்பா, கார் சாவிய எடுங்க. ரத்தம் எடுக்க டாக்டரம்மா இங்க வரட்டும்னு என்னால காத்துக்கிட்டிருக்க முடியாது."

மறுநாள் காலை கார்லண்ட், ரொவீனா, நான் மூவரும் தலைநகருக்குப் போனோம். வழி நெடுக அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள். அவளுடைய ஹாக்கி அணி இந்த வருடம் இறுதிப்போட்டிக்குப் போகும், அவள்தான் அணித்தலைவி.

நேற்று முடிவு வந்தது. அவளுக்கும் இருக்கிறது.

டாக்டர் சொன்னதும் அவள் கேட்டது ஒன்றுதான். "அப்பா அன்னைக்கே ரத்தம் குடுத்திருந்தா, இப்ப இருந்திருப்பாரா?"

"பெட்டி வச்சிருந்தா, பெரும்பாலும் இருந்திருப்பார்மா."

அவள் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனாள். வியாழக்கிழமை அவள் நெஞ்சில் பெட்டி வைக்கிறார்கள். இனி ஹாக்கி ஆடக்கூடாது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அதை அவளிடம் நாங்கள் இன்னும் சொல்லவில்லை.